சரசு முறத்தைத் தரவில்லை

சரசுவுக்கு அடிக்கடி கோபம் வரும் என்று தெருவில் சொல்வார்கள். அது சரியில்லை. கோபம் அவளிடம் நிரந்தரமாகக் குடியிருந்தது, சிரிப்புதான் எப்போதாவது வந்து போகும். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஜாலிகெரே ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அந்த நீளத் தெருவில், குழாயடியில் எவனாவது வரிசை தாண்டிக் குடத்தை வைத்தால், "சரசக்கா வருது" என்று யாராவது முணுமுணுத்தால் போதும். குடம் பழைய இடத்துக்குப் போய்விடும்.

பிறந்தது சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா மூட்டை இறக்குகிறவர். எட்டாவதோடு படிப்பு நின்றது, தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு துணி ஃபேக்டரியில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. டார்கெட் முடிகிற வரைக்கும் பெண்கள் கக்கூஸைப் பூட்டி வைப்பான் சூப்பர்வைசர். ஒருநாள் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி பூட்டுக்கு முன்னால் நின்று அழுதாள். சரசு எழுந்து போய், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து, பூட்டை இரண்டே அடியில் உடைத்தாள். உடைத்த கையோடு வேலையும் போயிற்று. கேட்டைத் தாண்டி வெளியே வந்தபோது, பேக்கிங்கில் வேலை பார்த்த ஒருவன் அவள் டிபன் டப்பாவை எடுத்து வந்து நீட்டினான். "இதை மறந்துட்டீங்க. இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துட்டு வந்திருக்கலாம், வீட்டுக்கு ஆகும்" என்றான். அவன்தான் கோவிந்தன். அடுத்த தையில் கல்யாணம்.

கோவிந்தன் சிரிக்கிற ஆள். அதே ஃபேக்டரியில் சாமான் ஏற்றுகிற லிஃப்ட் அறுந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகும் சிரித்தான். லிஃப்டைப் பழுது பார்க்காதவன் இன்றைக்கும் காரில்தான் போகிறான். சரசு அவனைச் சபிக்காத நாள் கிடையாது. கட்டிலில் கிடந்தபடியே கோவிந்தன் தெருப் பிள்ளைகளின் அறுந்த செருப்பு, உடைந்த குடை எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பான். சரசு ஏரிக் காவல் வேலையில் சேர்ந்தாள். ஒரு கான்ட்ராக்டரின் ஆள் என்ற கணக்கில் சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, கையில் ஒரு விசில். குப்பை கொட்ட வருகிறவனை விரட்டுவது, எஞ்சினியர் சொல்லும்போது மதகைத் திறப்பது, மூடுவது, இவைதான் வேலை. விரட்டுகிற வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் பெங்களூரில் கிடைத்திருக்க முடியாது.

ஜாலிகெரேக்கு மேற்கரையில் பெரிய பெரிய அபார்ட்மென்ட்கள். அவர்களுக்கு ஏரி என்றால் பால்கனியிலிருந்து பார்க்கிற காட்சி, அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். கிழக்கே கரைக்குக் கீழே சரசுவின் தெரு. கரைக்கும் தெருவுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் போகிற பெரிய கால்வாய், ராஜகாலுவே என்பார்கள். பெயரில் ராஜா இருந்தாலும் அதில் ஓடுவது எல்லாருடைய கழிவும்தான். மதகைத் திறந்தால் ஏரித்தண்ணீர் அந்தக் கால்வாயில் இறங்கி, தெருவை ஒட்டியே ஓடிப் போகும். மழைக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஏரியில் இடம் பண்ணி வைத்தால், கால்வாய் தாங்கும். ஏரி தளும்பி நிற்கும்போது பெருமழை வந்தால் தாங்காது. இதில் மூளையைக் கசக்க ஒன்றுமில்லை. குளிக்கிற தொட்டியை நிரம்ப விட்டு அதில் இன்னொரு குடத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று குளிக்கிற யாருக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதுதான் நடந்தது. ஏரி நிறைந்து அழகாக இருக்கிறதே என்று யாரும் திறக்கச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வானம் உடைந்து கொட்டியது, கரை ஒரு பக்கம் கரைய ஆரம்பித்தது. "முழுசாத் திற, முழுசாத் திற" என்று போனில் கத்தினார்கள். திறக்காவிட்டால் கரையே போய்விடும். சரசு திறந்தாள். தன் கையால் ஹேண்டிலைச் சுற்றினாள். அந்தத் தண்ணீர் கால்வாயை மீறி நேராக அவள் தெருவுக்குள் போயிற்று.

கோவிந்தன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்தது. மெத்தை நனைந்தது. அவனுக்குத் தெரியவில்லை. கால் நனைந்தது, தொடை நனைந்தது, எப்படித் தெரியும்? தொப்புளுக்கு மேலே சில்லென்று ஏறியபோதுதான் கண்ணைத் திறந்தான். பக்கத்து வீட்டு பிரபாவும் அவள் தம்பியும் கதவுப் பலகையைக் கழற்றி, அதன்மேல் அவனைப் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். சரசு ஓடிவந்தபோது அவன் கோயில் மேடையில் படுத்துக்கொண்டு, "ஏரி என்னைப் பார்க்க வந்துச்சுடி, பழமெல்லாம் எதுவும் கொண்டு வரல" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சரசு அன்றைக்கு அவனை அடித்திருப்பாள், அவன் கை அவள் முந்தானையை அப்படி இறுக்கிப் பிடித்திருக்காவிட்டால்.

அன்றையிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால், விளக்கைப் போடுவதற்கு முன்னால், கோவிந்தனின் தொடைக்கு அடியில் கையை விட்டு மெத்தையைத் தொட்டுப் பார்ப்பாள். வெயில் கொளுத்துகிற நாளிலும் பார்ப்பாள். கட்டில் கால்களுக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் அடுக்கி உயர்த்தியும் இருந்தாள். இன்னொரு தடவை அந்தக் கட்டிலுக்குத் தண்ணீர் வரக்கூடாது. உலகத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே மழை வந்துவிட்டது. ஏரி ஏறக்குறைய நிறைந்த ஒரு நாள் காலையில் எஞ்சினியர் நிருபமா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சின்ன வயது. அம்மா வழியில் தமிழ்.

"சரசம்மா, ரெண்டு ரவுண்டு திறந்து விடுங்க. இந்த வாரக் கடைசியில ஹெவி ரெயின்னு போட்டிருக்கான். இப்பவே எடம் பண்ணி வெச்சிடலாம்."

சரசுவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹேண்டிலை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள், நிருபமாவின் போன் அடித்தது. "யெஸ் சார். ஆனா சார்... நான் ரிப்போர்ட்லயே... ஓகே சார்." போனை வைத்துவிட்டு அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூடிடுங்க."

"எதுக்கு மேடம்?"

"வர்ற வெள்ளிக்கிழமை பாகினம் விடறாங்களாம். இந்த வார்டு கட்சித் தலைவர் வர்றார். ஏரி தளும்பி நிக்கணுமாம்."

"எஞ்சினியர் நீங்களா, தலைவரா?"

"நானும் கான்ட்ராக்ட்தான் சரசம்மா" என்றாள் நிருபமா. "உங்களை மாதிரியே."

பாகினம் கன்னடத்துப் பழக்கம். ஏரி, அவர்கள் பேச்சில் கெரே, நிறைந்தால் அதைத் தாயாக நினைத்து, முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி, அரிசி, தேங்காய் எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, நன்றி சொல்லித் தண்ணீரில் விடுவது. நல்ல பழக்கம். சரசுவே பலமுறை கரையில் நின்று கும்பிட்டிருக்கிறாள். ஆனால் ஏரி நிறைந்தால் பாகினம் கொடுப்பதுதான் முறை. பாகினம் கொடுக்கவேண்டும் என்று ஏரியை நிறைத்து வைப்பது எவன் கண்டுபிடித்த முறை? வார்டு எலெக்‌ஷன் வரப்போகிறது, தளும்புகிற தண்ணீருக்கு முன்னால் நின்றால்தான் தலைவர் ஏரியைக் காப்பாற்றியவர் மாதிரி படத்தில் தெரிவார். காரணம் அவ்வளவுதான், வெட்கக்கேடு.

அந்தக் காரணத்துக்குக் கைகால் முளைத்து வந்தவன் உமேஷ். சரசுவின் தெருவில் பிறந்து வளர்ந்தவன். மூக்கு ஒழுகிக்கொண்டு அவள் வீட்டில் சோறு தின்றவன். இப்போது தலைவருக்கு இடதுகையோ வலதுகையோ, அபார்ட்மென்ட் பக்கம் வீடு. அவன் நான்கு ஆட்களோடு வந்து, மிஞ்சின தண்ணீர் தானாக வழிந்து போகிற வாயில் மணல் மூட்டைகளை அடுக்கினான். ஏரி இன்னும் ஒரு சாண் ஏற வேண்டுமாம். பிறகு காவல் கொட்டகைக்கு வந்து மதகின் ஹேண்டிலைக் கையில் எடுத்தான்.

"டேய் உமேசு, அதை எங்க தூக்கினு போற?"

"பூஜைக்கு வெக்கணும்க்கா. மஞ்சள் குங்குமம் பூசி, மாலை போட்டு, பந்தல்ல சாமி பக்கத்துல வெக்கறோம். ஆயுத பூஜைக்கு வெக்கறதில்லையா?"

"ஆயுதத்தைக் கும்பிட்டுட்டு அதால வேலை செய்யணும்டா. கும்பிட்டுட்டு ஒளிச்சு வெக்கக் கூடாது. நடுவுல மழை வந்தா எதால திறக்கறது, உன் மூக்காலயா?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா. மூணே நாளு." அவன் சிரித்தான். "அப்புறம் இன்னொரு விஷயம். அஞ்சு சுமங்கலி வேணும். முறம் எடுத்துக் குடுக்கறதுக்கு. நம்ம தெருவுலயே ஆள் சொல்லேன். மஞ்சள் சேலை நாங்க தர்றோம்."

அபார்ட்மென்டில் சுமங்கலிகளுக்கா பஞ்சம்? ஆனால் அவர்களை நிறுத்தினால் தலைவர் பணக்காரர்களோடு நிற்பதாகப் படம் வரும். ஏழைச் சுமங்கலி வேண்டும், அதுவும் ஏரிக்குக் கீழே இருக்கிற ஏழை. சரசுவின் வாயில் அவனுடைய ஏழு தலைமுறையும் வந்து நின்றது. பந்தலில் ஹேண்டில் இருக்கும் என்று அவன் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "வரேன்" என்றாள். உமேஷுக்கே அது நம்பமுடியாமல் இருந்தது.

வீட்டில் கோவிந்தனிடம் சொன்னாள். அவன் ஒரு குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டே, "போனைப் பக்கத்துலயே வெச்சுட்டுப் போ. தொப்புளுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்" என்றான். சரசுவின் கையில் இருந்த கரண்டி பறந்துபோய்ச் சுவரில் பட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது, கரண்டியை எறியத்தான் தெரியும்.

"அத்திபெலேல என் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விடறேன். மாடி வீடு. நாலு நாளு இரு."

"ஒவ்வொரு மழைக்கும் என்னைப் பார்சல் கட்டுவியா?" என்றான் கோவிந்தன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "இது என் வீடுடி. தண்ணிதான் வெளிய போகணும்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே வடக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஏரிக்குத் தண்ணீர் வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். கரையில் பந்தல், மேளம், தலைவரின் ஆளுயரப் படங்கள். ஏரி மணல் மூட்டைகளின் விளிம்பில் தளும்பிக்கொண்டு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுவும் சரசுவுக்கு எரிச்சலாக இருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஹேண்டில் மாலை போட்டுக்கொண்டு கிடந்தது. உமேஷ் அதற்குப் பக்கத்திலேயே, புது மாப்பிள்ளைக்குத் தோழன் நிற்கிற மாதிரி நின்றான். நிருபமா ஓரமாக நின்று போனில் மழைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்பு நகர்ந்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஐந்து பேரும் மஞ்சள் சேலையில் வரிசையாக நின்றார்கள். முதலில் சரசு, அடுத்து பிரபா. ஒவ்வொருத்தி கையிலும் இரட்டை முறம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் விட்டாக வேண்டும் என்று புரோகிதர் பறந்தார். தலைவர் பத்து மணிக்குத்தான் வந்தார், மனைவியோடு. மந்திரம் முடிந்தது. தலைவரும் மனைவியும் சரசுவுக்கு முன்னால் வந்து, முகத்தை கேமராப் பக்கம் கொஞ்சம் திருப்பி, கைகளை நீட்டினார்கள்.

ஹேண்டிலை எப்படியாவது தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது என்றுதான் சரசு வந்திருந்தாள். நீட்டிய அந்த நான்கு கைகளைப் பார்த்ததும் அவளுக்கு வேறு ஒன்று பட்டது. இத்தனை கூட்டம், இத்தனை மேளம், இத்தனை கார், எல்லாம் அவள் கையில் இருக்கிற முறத்துக்காகக் காத்து நிற்கிறது.

"குடும்மா" என்றார் புரோகிதர்.

"தர மாட்டேன்."

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். "ஏனம்மா இது?" என்று தலைவர் கன்னடத்தில் கேட்டார். பிறகு தமிழிலேயே கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும், தேர்தலுக்குத் தேர்தல் அந்தத் தெருவில் பேசிப் பேசி வளர்த்தது. "என்னம்மா பிரச்சன?"

"கெரேக்குக் குடுக்கறதுதான சார் பாகினம்?" சரசுவின் குரல் மேற்கரை பால்கனிகள் வரைக்கும் கேட்டது. "கெரே எங்க வீட்டுக்கே வருது. போன தடவ வந்துச்சு. காலு வராத மனுசன் தூங்கினு இருந்தாரு, அவரு பக்கத்துல வந்து படுத்துச்சு. இன்னிக்கு சாயங்காலமும் வரும். அங்க வந்து குடுங்க. உங்களுக்குப் படியெறங்கற சிரமங்கூட இல்ல. கட்டில் மேல உக்காந்தே விடலாம்."

உமேஷ் பாய்ந்து வந்து முறத்தைப் பிடித்தான். புரோகிதர் அலறிவிட்டார். "தொடாதே! தந்து வாங்கணும். வெள்ளிக்கிழமையும் அதுவுமா சுமங்கலி கையிலேர்ந்து பறிச்சா அது பாகினமில்லை, பாவம்."

உமேஷின் கை தானாக விலகியது. தலைவரின் மனைவி முகம் வெளிறி ஓர் அடி பின்னால் போனாள். அடுத்தவளிடம் வாங்கலாம் என்று பார்த்தால், பிரபா தன் முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவுப் பலகையைத் தூக்கிய கை அது. மற்ற மூன்று பேரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் தலைவர்.

"மதகு திறக்கணும்."

"பூஜை முடியட்டும்மா, முடிஞ்ச கையோட..."

"முடிஞ்ச கையோட நீங்க காருல ஏறிடுவீங்க. இப்பத் திறங்க. அப்புறம் தரேன்."

புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் நிருபமாவைக் கூப்பிட்டார். "திறந்தா ஏரி குறைஞ்சுடுமா?"

'சார் எப்படிச் சொல்றீங்களோ' என்று சொல்லிவிட்டு நிருபமா ஓரத்துக்கே போயிருக்கலாம். "அரை மணி நேரத்துல ஒண்ணும் தெரியாது சார். போட்டோல ஃபுல்லாதான் இருக்கும்" என்றாள். "திறக்கலேன்னா சாயங்காலம் கீழ்த்தெரு தாங்காது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சரசுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் செய்தார்கள் என்றால்கூட ஆறிப்போகலாம். எஞ்சினியருக்குத் தெரியும், அவளுக்கு மேலே இருக்கிறவனுக்குத் தெரியும், உமேஷுக்குத் தெரியும், பால்கனியில் நிற்கிறவர்களுக்கும் தெரியும். எல்லாரும் தெரிந்துகொண்டே மூடி வைத்திருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு சார். திறக்கவும் சொல்லுச்சு. போன் போட்டு மூடச் சொன்னது உங்காளுங்கதான். யாருன்னு பேரு சொல்லட்டா, இத்தினி கேமரா முன்னால?"

தலைவர் ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தார், ஒரு தடவை உயர்ந்திருந்த போன்களைப் பார்த்தார். அந்த மனுஷனின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முகம் ஒரு நொடியில் மாறியது. "ஜனங்க சேஃப்டிதான் ஃபர்ஸ்ட். பூஜை அப்புறம். கொண்டா அதை" என்று மாலை போட்ட ஹேண்டிலை வாங்கிக்கொண்டு மதகு மேடைக்கு நடந்தார். மாலையோடு மாட்டி மூன்று சுற்றுச் சுற்றினார். பூச்சரம் பல்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. படம் எடுத்தாகிவிட்டது. "ஆய்த்து, முடிஞ்சது" என்று கையை உதறினார்.

சரசு முறத்தைப் பிரபாவிடம் கொடுத்துவிட்டு மேடையேறினாள். சிக்கின பூவைப் பிய்த்தெறிந்துவிட்டு, மீதியைத் தானே சுற்றினாள். கீழே கால்வாயில் தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. தெருப் பெண்கள் அதற்குள் மணல் மூட்டைகளை இழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்கள், மஞ்சள் சேலையோடு. அதன் பிறகு திரும்பி வந்து, கையைக் கழுவிக்கொண்டு முறத்தை வாங்கி, தலைவரின் மனைவியிடம் கொடுத்தாள். மனதோடுதான் கொடுத்தாள். தண்ணீர் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

மழை மத்தியானம் வந்தது. அதற்குள் ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது. கார்கள் போய்விட்டன, பந்தல் துணி கிழிந்து தொங்கியது. வானத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த தண்ணீரை அந்த ஒரு முழம் வாங்கிக்கொண்டே இருந்தது. கால்வாய் விளிம்பு தட்டியபோது நிருபமா கரையில் நின்றபடியே கையைக் காட்டினாள், சரசு மதகைப் பாதி இறக்கினாள். கால்வாய் இறங்கினால் திறப்பது, ஏறினால் மூடுவது. இருவரும் நனைந்து ஊறிப்போனார்கள். நடுவில் சரசு பிளாஸ்டிக் பைக்குள் இருந்த போனை எடுத்துக் கோவிந்தனைக் கூப்பிட்டாள்.

"தொடைக்கு அடியில கைய வுட்டுப் பாரு."

"காஞ்சுதான் இருக்கு."

"கைய வுட்டுப் பாத்துட்டுச் சொல்லுய்யா!"

கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே காஞ்சிருக்கு சரசு" என்றான்.

மழை தூறலாகக் குறைந்தபோது ஏரி காலையில் இருந்த அதே மட்டத்துக்கு வந்து நின்றது. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் தொட்டுவிட்டு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்குள்ளும் ஏறவில்லை. சரசு அதைக் கரையிலிருந்து பார்த்தாள். அழுகை வந்தது, மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதுகொண்டாள். அப்போதுதான் கான்ட்ராக்டரின் போன் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம், சுப காரியத்தில் கலாட்டா செய்கிற ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்றான். சரசு மதகிலிருந்து ஹேண்டிலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தன் அவள் தலையைத் துண்டால் துடைத்துவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உமேஷ் வந்தான். வாசலில் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றான். தலைவர் மதகைத் திறக்கிற வீடியோ நன்றாக ஓடுகிறதாம், 'கீழ்த்தெருவைக் காத்த கை' என்று போட்டிருக்கிறார்களாம். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா... அந்த மஞ்சள் சேலையத் திருப்பிக் கேக்கறாங்க. ஹேண்டிலையும். தலைவர் கை பட்டது, ஆபீஸ்ல வெக்கணுமாம்."

சரசு உள்ளே போனாள். நனைந்த சேலையைப் பந்தாகச் சுருட்டிக் கொண்டுவந்து அவன் மார்பில் எறிந்தாள். "புழிஞ்சுக்க. உங்க ஏரித் தண்ணிதான்."

"ஹேண்டிலு?"

"தர மாட்டேன்."

"அக்கா, அது கவர்மென்ட் சொத்து."

"இது என் வீடு. இதுக்குள்ள தண்ணி வுடறதுக்கு யாராவது என்னைக் கேட்டீங்களாடா?" அவள் குரல் ஏறியது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "கால்வாய் எறங்கிடுச்சு பாரு. இப்பத் திரும்ப ரெண்டு ரவுண்டு திறக்கணும், வடக்க இன்னும் மின்னுது. என்னைத்தான் நிறுத்திட்டீங்களே, யாரு திறப்பா? ஆள் வெச்சிருக்கீங்களா? இந்த இரும்பை ஆபீஸ்ல கண்ணாடிப் பொட்டியில வெச்சுட்டா மதகு திறந்துக்குமா? சொல்லுடா."

உமேஷ் வடக்கே பார்த்தான். அவன் அம்மா இன்னும் இந்தத் தெருவில்தான், நான்கு வீடு தள்ளி, இருக்கிறாள்.

சரசு நனைந்த காக்கிச் சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். ஹேண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு, கோவிந்தனின் போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அப்பப்ப கைய வுட்டுப் பாரு" என்றாள்.

பிறகு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, தலைவரையும் கான்ட்ராக்டரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கரைப் பக்கம் நடந்தாள். உமேஷ் சேலையைப் படியில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனான்.